பின் சீட்டில் ஆளில்லாத கார்

ராமநாதபுரத்தில் பஞ்சர் ஒட்டக் காத்திருந்தபோதுதான் அந்தப் பெரியவரைப் பார்த்தேன். வெள்ளைத் தொப்பி, உப்புக்காற்றில் துருவேறிய பழைய அம்பாசடர். காரில் ஏறும்போதெல்லாம் முதலில் பின்கதவைத் திறப்பார். சற்று நின்று, மெதுவாகச் சாத்திவிட்டுத்தான் முன்னால் வருவார்.

"இந்தக் காரோட பின் டயர் சைஸ் இப்ப வாரதில்ல பாய்," என்றார் கடைக்காரர். "இங்கன இருக்கறது அகலம் கூட. பின்னால ஆளு உக்காந்தா மட்கார்டுல உரசும். காலியாப் போனா ஒண்ணும் செய்யாது."

"பின்னால உக்கார இனி யாரு இருக்கா? மாட்டுங்க தம்பி."

மாட்டி முடித்ததும் பின்கதவைத் திறந்தார், நின்றார், சாத்தினார். கிளம்பினார்.

பேய் பிசாசை நம்புகிறவன் இல்லை நான். ஆனால் பள்ளம் மேடில்லாத அந்தத் தார்ரோட்டில், பின் டயர் உரசிக்கொண்டே போன சத்தத்தைக் கடைக்காரரும் கேட்டார்.