ராஜாம்பாள் வண்டியைக் கழுவினாள்

தேங்காய்த்திட்டு துறைமுக ஏலத்தில் மீன் எடுத்து, தன் குட்டியானை வண்டியில் ஏற்றி, தானே ஓட்டிக்கொண்டு போய் விற்கிறவள் ராஜாம்பாள். லைசென்ஸ் எடுக்கப் போனபோது சிரித்தவனை எட்டு வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

ஐஸ் தண்ணீர் வடிந்து வடிந்து வண்டியின் தொட்டி துருப்பிடித்தது. போன தடவை ஒரு பெயிண்டர் துருவின் மேலேயே பட்டி பூசி மஞ்சள் பெயிண்ட் அடித்துக் கொடுத்தான். நான்கு மாதத்தில் கொப்புளம் விட்டது. ஒன்றை அழுத்திப் பார்த்தாள். விரல் உள்ளே போனது. அந்த ஆளின் வீட்டு வாசலில் போய் நின்று அவள் பேசியதைத் தெருவே கேட்டது.

இந்த வருஷம் மீன்பிடித் தடைக்காலத்தில் உப்பளத்தில் பெயிண்டர் வெற்றிவேலின் ஷெட்டில் வண்டியை விட்டாள். ஜூன் பதிமூன்று வண்டிக்கு எஃப்.சி. சோதனை; அது முடியாமல் ரோட்டில் ஓட்ட முடியாது. பதினைந்தாம் தேதி படகுகள் கடலுக்குப் போகும். முதல் நாள் மீனுக்கு வண்டி இல்லாவிட்டால் வாடிக்கை வேறு ஆளிடம் போய்விடும்.

வெற்றிவேல் இரண்டு நாள் வயர் பிரஷ் போட்டான், உப்புத்தாள் போட்டான். தகரம் வெள்ளையாகத் தெரிந்தது. "நாளைக்குக் காலையில பிரைமர். அதுவரிக்கும் யாரும் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனான்.

அவள் ஒரு குடத்துடன் வந்தாள். அவள் ஊர்ப் பக்கம் படகுக்குப் பெயிண்ட் அடிப்பதற்கு முன் மஞ்சள் கரைத்த கடல் தண்ணீரால் கழுவுவார்கள். படகு ஃபைபர். அதற்கு ஒன்றும் ஆகாது. தொட்டி முழுக்க ஊற்றி, கையால் தேய்த்துக் கழுவிவிட்டுப் போனாள்.

பன்னிரண்டாம் தேதி காலையில் தகரம் முழுக்கச் செம்பட்டைத் துரு.

"யாரு வேல இது?"

"நாந்தான். கடல் தண்ணி ஊத்துனேன்."

"தகரத்துக்கா? கருவாடு போடப்போறியாக்கா?"

"ஊத்தாம எப்படிப் பெயிண்ட் அடிக்கிறது? எங்க ஊர்ல வந்து கேளு."

"உங்க ஊர்ல படகு. இது வண்டி."

"தொடாதன்ன. ஏன்னு சொன்னியா? வாயில என்ன, பட்டியா பூசி வச்சிருந்த?"

வெற்றிவேல் உப்புத்தாளைத் தரையில் வீசினான். "ரெண்டு நாளு தோள்பட்ட போச்சு. இப்ப இது மேலயே பிரைமர் அடிச்சா நாளைக்கி எஃப்.சி.யில ஒருத்தனுக்கும் தெரியாது. அடிக்கட்டுமா?"

அவள் தொட்டியைப் பார்த்தாள்.

"அப்புறம்?"

"அப்புறம் கொப்புளம்தான்."

"அதுக்குப் போன தடவ அடிச்சவன்கிட்டயே விட்டிருப்பேனே. சுரண்டு."

"ரெண்டு நாளாவும். பதிமூணு போயிடும். அடுத்த தேதி எப்பக் கெடைக்குமோ."

"போவட்டும்."

"பதினஞ்சுக்கு?"

"தலையில சொமப்பேன். வண்டி வர்றதுக்கு முன்னாடி இருபது வருஷம் சொமந்த தலதான். உனுக்கின்னா?"

"எனுக்கின்னாவா? எனுக்கு ரெண்டு நாளு!"

"நானும் சுரண்டுறேன். கொடு."

"மொதல்ல உப்பு போவணும். நல்ல தண்ணியில கழுவித் தொடச்சாத்தான் தாளையே வைக்கலாம்" என்றவன், மூலையில் இருந்த வாளியைத் தூக்கி வந்து தொட்டியில் சாய்க்கப் போனான்.

அவள் வாளியைப் பிடித்து நிறுத்தினாள். விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். உப்புக் கரித்தது. துப்பினாள்.

"இது எந்தத் தண்ணி?"

"நம்ம போர் தண்ணிதான்."

"கடல் பக்கத்துல போர் போட்டு வச்சிக்கினு எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டான். வாயில வச்சிப் பாருடா."

அவன் வைத்துப் பார்த்தான். அவனும் துப்பினான்.

"ரெண்டு நாளா இதுலதான் தாள் நனச்சியா?"

வாளியை அவள் காலால் தள்ளினாள். தண்ணீர் ஷெட்டைத் தாண்டி ரோட்டுக்கு ஓடியது.

"தெருமுனைக் குழாயில புடிச்சிக்கினு வா. ஓடு."

வெற்றிவேல் வாளியை எடுத்துக்கொண்டு நடந்தான். அவன் திரும்பி வரும்வரை அவள் திட்டுவதை நிறுத்தவில்லை.