மதகுச் சுவரில் ஒரு கோடு

காரைக்காலுக்குக் குடிவந்த முதல் மாதத்தில் நான் திட்டிய திட்டுக்கு அளவே இல்லை. ஊரைத் திட்டினேன், மண்ணைத் திட்டினேன், இந்த ஊருக்கு மாற்றல் வாங்கிக் கொடுத்த பதவி உயர்வைத் திட்டினேன். பதவி உயர்வு வேண்டும் என்று பல்லை இளித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டவள் நானேதான். அதனால் கோபம் இன்னும் கூடியது.

நான் கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரி. பதினெட்டு வயதிலிருந்து எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் பாறை ஏற்றம். கயிறு கட்டி மலை உச்சிக்குப் போகிற சமாசாரம் இல்லை. இரண்டு ஆள், மூன்று ஆள் உயரமுள்ள பாறையை விரல் நுனியாலும் கால் நுனியாலும் மட்டும் பிடித்து ஏறுவது. விழுந்தால் கீழே ஒரு மெத்தை. கை வியர்க்காமலிருக்க இடுப்பில் ஒரு பை நிறைய வெள்ளைப் பொடி. அவ்வளவுதான் ஆட்டம். இப்போது நாற்பத்திரண்டு வயது. விரலில் இருக்கிற பலம் ஒரு வருஷம் சும்மா இருந்தால் போய்விடும், இந்த வயதில் போனால் திரும்பாது. அதுதான் என் பயம்.

டெல்டாவில் பாறை கிடையாது. தெரியும். ஆனால் இப்படி அடியோடு கிடையாது என்று யார் கண்டது? ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஞாயிறும் தேடினேன். அம்பகரத்தூர் போகிற வழியில் டீக்கடைக்காரர் நான் கேட்டதை இரண்டு தடவை திருப்பிக் கேட்டுவிட்டு, "பாறைங்களா? வீடு கட்டவா? லாரிக்குச் சொன்னா வந்து கொட்டிருவாங்க" என்றார். கோட்டுச்சேரியில் ஒருவர், "மலை மாதிரி ஒண்ணு இருக்குங்க, வாங்க" என்று நம்பிக்கையாக வழிகாட்டினார். போய்ப் பார்த்தால் செங்கல் சூளைக்குக் கொட்டிவைத்த மண் மேடு. அதன் மேல் ஒரு ஆடு நின்றுகொண்டிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஆட்டைப் பார்த்தே கத்தினேன்.

கடலோரத்தில் அலைக்காகக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினேன். பாசி, உடைந்த பாட்டில், தூண்டில் முள், மற்ற அசிங்கம். இருந்தாலும் ஒரு கல் கொஞ்சம் நிமிர்ந்து நின்றது. ஆசையாக ஏறி உச்சியில் நின்றபோது வலை காயவைத்துக்கொண்டிருந்த ஒருவர் கையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"இந்தா தங்கச்சி! எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம். மொதல்ல கீழ எறங்கு!"

நான் சாக வரவில்லை என்று அவருக்குப் புரியவைக்க அரை மணி நேரம் ஆயிற்று. கடைசிவரை அவர் நம்பவில்லை. ஸ்கூட்டர்வரை கூடவே நடந்துவந்து, வீட்டுக்குப் போவதாகச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் விட்டார்.

இதையெல்லாம் அலுவலகத்தில் நான் பொரிந்து தள்ளியபோது எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து மேசைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. விழிதியூர்ப் பக்கத்தில் அவருக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. காலையில் வயலைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்கு வருவார். "ஏறுறதுக்குக் கல்லுதான வேணும்? மலையே வேணும்னு இல்லையே?" என்று கேட்டார். அப்படி ஒரு சரியான கேள்வியை அந்த ஊரில் அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

அந்த வாரமே என்னை வயல்களுக்கு நடுவே ஒரு பழைய மதகுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பிரெஞ்சுக்காரர் காலத்தது என்றார். வாய்க்கால் வறண்டு கிடந்தது. இருபுறமும் செதுக்கிய கருங்கல் சுவர், இரண்டு ஆள் உயரம், காரை உதிர்ந்து கல்லுக்குக் கல் விரல் நுழைகிற இடுக்கு, கீழே மெத்தை மாதிரி மணல். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அட, நல்லாருக்குங்களா?" என்று அவரும் பூரித்துப்போனார்.

ஒன்றே ஒன்று சொன்னார். சுவரில் ஒரு மங்கலான சுண்ணாம்புக் கோடு இருந்தது. "அதுல மட்டும் கை வெக்காதீங்க மேடம். அது எங்க கணக்கு." தண்ணீர் வந்ததும் மதகின் திறப்பில் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகுவார்கள். பலகை ஏற ஏறத் தண்ணீர் தேங்கி, பக்கக் கிளையில் திரும்பி மேல்மடை ஊருக்குப் போகும். பலகைக்கு மேல் வழிவதுதான் கடைமடைக்கு. எவ்வளவு உயரம் போடலாம் என்று இரண்டு ஊரும் சண்டை போட்டு ஓய்ந்து இழுத்த கோடு அது. அவர் நிலம் கடைமடை. அங்கே போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான்.

நான் கோட்டைத் தொடவில்லை. சொல்லப்போனால் அவருக்கே வகுப்பு எடுத்தேன். பாறையில் பேர் எழுதுகிறவனைக் கண்டால் கையை முறிக்கத் தோன்றும் எனக்கு. பிடி எங்கே என்று கீழேயிருந்து தெரிவதற்காக நாங்களும் பொடியால் சின்னக் கோடு போடுவோம். ஆனால் கிளம்பும்போது பிரஷால் தேய்த்து அழித்துவிட வேண்டும், அழிக்காதவள் ஏறத் தகுதியில்லாதவள் என்று பிரஷை ஆட்டி ஆட்டிப் பேசினேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

மூன்று மாதம். ஒவ்வொரு ஞாயிறும் அந்தச் சுவரில் ஒரே ஒரு வழி எனக்கு மசியவில்லை. கடைசிப் பிடி, சுண்ணாம்புக் கோட்டுக்கு ஒரு பலகை உயரத்துக்கு மேலே. தொடுவேன், வழுக்குவேன், மணலில் விழுவேன். அப்படி ஒரு ஞாயிறு, அன்றைக்கு அது கிடைத்துவிடும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பிடியின் கீழே சாண் நீளத்துக்குப் பட்டையாகக் கோடு இழுத்துவிட்டு இறங்கி மூச்சு வாங்கினேன். அப்போது பைக்கில் வந்தார் அவர்.

"மேடம்! தண்ணி தொறந்தாச்சு! ரெண்டு நாள்ல இங்க வந்துரும்! நாத்தங்கால்ல வெத விட்டாச்சு!"

அவர் முகம் முழுக்கப் பல். எனக்கு எரிந்தது. இன்னும் எட்டு மாதம் என் சுவர் தண்ணீருக்குள். இந்தப் பாழாய்ப்போன தண்ணீர் ஒரு வாரம் கழித்து வந்தால்தான் என்ன என்று வாய்விட்டே சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது. அவர் போன பிறகு நான்கு தடவை முயன்றேன். நான்கு தடவையும் விழுந்தேன். மெத்தையைச் சுருட்டினேன். கோடு மேலே பளிச்சென்று இருந்தது. மறுபடி மேலே போய் அதை அழிக்க வேண்டும். போய்த் தொலையட்டும், தண்ணீர்தானே வருகிறது, அதுவே கழுவிக்கொள்ளட்டும் என்று வண்டியை எடுத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு, மூழ்கிப்போன என் சுவரைப் பார்த்து வயிறெரியப் போனேன். மதகின் மேல் ஒரே கூட்டம். கடைமடைக்காரர்கள் ஒரு பக்கம், மேல்மடைக்காரர்கள் ஒரு பக்கம். பலகைக்கு மேல் ஒரு சொட்டு வழியவில்லை.

"அஞ்சு நாளா எங்களுக்குத் தண்ணி இல்ல. கோட்டுக்கு மேல ஒரு பலகை அதிகமாப் போட்டிருக்கீங்க!"

"யாரு அதிகமாப் போட்டது? கண்ணத் தொறந்து பாருங்க. கோடு அங்க இருக்கு. புதுசா, பொதுப்பணி ஆபீஸ்காரங்க வந்து போட்டிருப்பாங்க. கோட்டுக்குத்தான் பலகை."

தண்ணீர் என் கோட்டை எட்டித் தொட்டுக்கொண்டு நின்றது. பழைய கோடு அதற்குக் கீழே மூழ்கியிருந்தது. கூட்டத்தில் பக்கத்து மேசைக்காரரும் நின்றார். கோட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். காட்டிக்கொடுத்திருக்கலாம், பாவி மனுஷன் பேசாமல் நின்றார். அவர் மேல்கூட எனக்குக் கோபம் வந்தது.

"அது நான் போட்ட கோடு" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். "நீங்களா? எதுக்கும்மா?"

"சுவர்ல ஏறுறதுக்கு."

"ஏறி?"

"ஏறிட்டு… எறங்கிருவேன்."

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு இரண்டு பக்கமும் சேர்ந்து சிரித்தது. அரிவாள் எடுத்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. பலகையைத் தூக்க நானும் இறங்கப் போனேன். "வேணாம்மா, வழுக்கும்" என்று ஒருவர் கையை நீட்டித் தடுத்தார். யாரைப் பார்த்து வழுக்கும் என்கிறாய் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். இரண்டு பேர் கொக்கி போட்டு மேல் பலகையை உருவினார்கள். தண்ணீர் இரைச்சலோடு அந்தப் பக்கம் விழுந்தது.

அவர் மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்தார்.

"நாத்து?" என்றேன்.

"காஞ்சு போச்சுங்க. மறுபடி விடணும்." சட்டைப் பையிலிருந்து பைக் சாவியை எடுத்தார். "பிரஷ் வெச்சிருப்பீங்கல்ல மேடம்?"

பையில் இருந்தது. எப்போதும் இருக்கும்.

"அழிச்சிட்டுப் போங்க" என்றார். பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மட்டம் இறங்கி என் கோடு முழுசாக வெளியே வந்திருந்தது. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, மதகின் மேல் குப்புறப் படுத்துக் கையை நீட்டித் தேய்த்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.