நாலணாக் கடையின் கூரை

பக்கத்து வீட்டில் தகரத்துக்கு வெள்ளைப் பெயிண்ட் அடிக்கிறார்கள். அந்த வாசனை என்னை ரங்கூனுக்கு, எதை எடுத்தாலும் நாலணா என்று விற்பதற்காக அமெரிக்கப் பாணியில் கட்டிக்கொண்டிருந்த கடைக்குள் கொண்டுபோய் விடுகிறது.

அம்மா இறந்த மழைக்காலம் அது. வீட்டில் வேறு ஆளில்லாததால், தச்சரான அப்பா என்னையும் வேலைக்குக் கூட்டிப்போவார். எண்ணெய் பூசிய தேக்குப் பலகைத் தரையில், இன்னும் பொருள் அடுக்காத நீள மேசைகளுக்கு நடுவே, முகப்பின் பெரிய கண்ணாடிகளில் மழை வழிவதைப் பார்த்தபடி தனியாக உட்கார்ந்திருப்பேன். சாரத்தின் மேல் நின்று அப்பா, வெள்ளைப் பெயிண்ட் வாசனை போகாத, பூ அச்சடித்த தகரங்களைக் கூரையின் உட்புறம் வரிசையாக ஆணியடித்துக்கொண்டே போவார். கீழிருந்து தகரம் எடுத்துக்கொடுக்கும் பர்மாக்காரர் கோ தின், மேலே கைகாட்டி, "அமோ, அமோ" என்று கத்துவார். ஒவ்வொரு முறையும் நான் அண்ணாந்து பார்ப்பேன். தகரப் பூக்கள்தான் இருக்கும்.

ஒருநாள் சோற்று வேளையில் கேட்டேன்: "ஏம்ப்பா, அவரு அம்மாவையா கூப்பிடுறாரு?"

அப்பா சோற்றைப் பிசைந்தபடி சொன்னார்: "இல்ல தாயி. பர்மா பாஷையில கூரைக்கு அமோன்னு பேரு."

அதற்குப் பிறகு, வேலை முடியும்வரை, கோ தின் அந்தச் சொல்லைச் சொல்லும்போதெல்லாம் அப்பாவின் சுத்தியல் சற்று நின்று, அப்புறம்தான் ஆணியில் விழுந்தது.