ஓட்டை போடாத டிரம்

அந்த முலாம் பட்டறையிலிருந்து காலி டிரம் எதுவும் முழுசாக வெளியே போனதில்லை. ஸ்டோர் அக்கா விடமாட்டாள். டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு, கடப்பாரையால் அடியில் நாலு குத்து குத்தின பிறகுதான் பழைய சாமான்காரரின் வண்டியில் ஏற்ற விடுவாள். லோடு ஏற்றுகிறவர்கள் அவளுக்கு 'ஓட்டை அக்கா' என்று பேர் வைத்து, அவள் காதுபடவே கூப்பிட்டார்கள். அவளும் 'ஏன்?' என்று திரும்பிப் பார்ப்பாள்.

அந்த டிரம்களில் வந்தது டைக்ரோமேட் என்கிற உப்பு. நட்டுக்கும் போல்ட்டுக்கும் துத்தநாக முலாம் பூசின பிறகு, இந்த உப்பைக் கரைத்த தொட்டியில் ஒரு முக்கு முக்கினால் தங்க நிறம் ஏறும், துரு அண்டாது. பார்க்க ஆரஞ்சு மிட்டாயைத் தட்டிப் போட்டதுபோல் அத்தனை அழகாக இருக்கும். அதுதான் அவளுக்கு ஆத்திரம். விஷம் என்றால் விஷம் மாதிரி இருந்து தொலைய வேண்டாமா? ஒரு நாற்றம்கூடக் கிடையாது. கையில் சின்னக் கீறல் இருந்தால் அதில் புகுந்து குழி பறிக்கும், அந்தப் புண் மாசக்கணக்கில் ஆறாது. தூள் மூச்சோடு உள்ளே போனால் மூக்கைத் தின்னும். வருஷக்கணக்கில் போனால் நுரையீரலில் புற்றைக் கொண்டுவந்து வைக்கும்.

அவள் மூக்கைத் தின்றுவிட்டது. வேலைக்குச் சேர்ந்த ஆறாவது வருஷம், சளி விடவில்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் ஒரு துவாரத்தில் விளக்கடித்தார், வெளிச்சம் அடுத்த துவாரம் வழியாக வந்தது. நடுத்தண்டில் பட்டாணி அளவுக்கு ஓட்டை. ஒரு நாளும் வலித்ததில்லை. எங்கே வேலை, என்ன சாமான் என்று டாக்டர் துருவித் துருவிக் கேட்டு, அந்த உப்போடு ஒரு காகிதம் வந்திருக்குமே என்றார். மறுநாள் போய்க் கேட்டாள். வந்துதான் இருந்தது, எட்டுப் பக்கம். எப்படித் தொடுவது, எதை மாட்டிக்கொள்வது, சிந்தினால் என்ன செய்வது என்று ஒன்று விடாமல் எழுதியிருந்தது. அவள் வெறுங்கையால் அள்ளி, கந்தல் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிறுத்துக் கொடுத்த ஆறு வருஷமும் அந்தக் காகிதம் மேனேஜரின் அலமாரியில் சுகமாக இருந்திருக்கிறது.

அன்றைக்கு ஏறின கோபம்தான், இறங்கவே இல்லை. அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது என்று யாராவது கேலி பண்ணினால், பாதி மூக்குதானே மிச்சம், கோபத்துக்குத்தான் தாராளமாக இடம் இருக்கிறதே என்பாள்.

அதற்குப் பிறகு ஸ்டோர் அவள் ராஜ்ஜியம். கையுறையும் முகமூடியும் இல்லாதவனுக்கு உள்ளே வேலை இல்லை. டீ டம்ளரோடு வந்தவன் டம்ளரோடு திரும்பியதில்லை. சிந்தினதைத் துடைப்பத்தால் பெருக்கினால் தூள் பறக்கும், ஈரத்துணியால்தான் ஒற்றி எடுக்க வேண்டும். எண்ணெய் சிந்தினால் மரத்தூள் போடுகிற பழக்கத்தில் ஒருவன் இதன் மேலும் மரத்தூளைக் கொட்டினான். இந்த உப்பு தானாக எரியாதடா, எரிகிற சாமானோடு சேர்ந்தால் அதைப் பற்றவைத்துவிடும் என்று அவனை வாங்கு வாங்கென்று வாங்கினாள். டிரம் கழுவின தண்ணீர் சாக்கடைக்குப் போகக்கூடாது. தனித் தொட்டியில் விட்டு, மருந்து போட்டு, மஞ்சள் பச்சையாக மாறின பிறகு சுண்ணாம்பு போட்டு அடியில் படிய வைக்க வேண்டும். மூன்று தடவை அலசின டிரம்முக்கும் ஓட்டை உண்டு. பிளாஸ்டிக் கொஞ்சம் குடித்து வைத்திருக்கும், கழுவினாலும் முழுசாகக் கக்காது. தண்ணீர் பிடிக்க டிரம் தேடி அலைகிறவர்கள் எத்தனை பேர் என்று அவளுக்கா தெரியாது?

மேனேஜருக்கு அந்தக் கடப்பாரையைக் கண்டாலே வயிற்றெரிச்சல். ஓட்டை டிரம்மை எடைக்குத்தான் எடுப்பார்கள், முழு டிரம் என்றால் கேட்ட விலை கிடைக்கும். அவள் வீட்டுக்காரருக்குக் கண்ணில் ஆபரேஷன் என்று மூன்று நாள் லீவு போட்டாள். திங்கட்கிழமை வந்து எண்ணினால் நாலு டிரம்மைக் காணோம்.

கழுவித்தான் கொடுத்தோம் என்றார் மேனேஜர். எங்கே கழுவினீர்கள் என்று கேட்டாள். வாசல் குழாயில் என்றார். அதாவது நேராகச் சாக்கடையில். அவள் வாயில் வந்ததை எல்லாம் இங்கே எழுத முடியாது. கடப்பாரையை எடுத்து ஆட்டோவில் போட்டுக்கொண்டு பழைய சாமான்காரரிடம் போனாள். மூன்று டிரம் அங்கேயே கிடந்தன, மூன்றையும் குத்தினாள். நான்காவதை வெள்ளிக்கிழமையே பின்தெருவில் ஒரு தையல்காரி வாங்கிப் போய்விட்டாள்.

ஒற்றை அறை வீடு. தையல் மெஷினுக்குப் பக்கத்தில், வெள்ளைத் துணி போட்டு மூடி, டிரம் நின்றது. அந்தத் தெருவில் மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர். அத்தனை நாளும் குடத்திலும் வாளியிலும் பிடித்து அல்லாடினவள், இப்போதுதான் மூன்று நாள் தண்ணீரை ஒரே இடத்தில் பார்க்கிறாள். அக்கா விஷயத்தைச் சொன்னதும் அவள் டிரம்முக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

"சும்மா இல்லக்கா, காசு குடுத்து வாங்கினது. சோப்பு போட்டு நானும் ரெண்டு தடவை கழுவினேன். புள்ளைங்களுக்குக் காய்ச்சித்தான் குடுக்கறேன்."

"காய்ச்சினா கிருமி சாகும்மா. இது உயிரில்லாத உப்பு, எப்படிச் சாகும்? தண்ணி சுண்டச் சுண்ட இன்னும் கெட்டியாத்தான் ஆகும்."

மொண்டு பார்த்தார்கள். லேசாக மஞ்சள் பாரித்திருந்தது. குழாய்த் துரு என்று நினைத்தேன் என்றாள் தையல்காரி. சின்னவன் நேற்று இரண்டு தடவை வாந்தி எடுத்தானாம். அக்கா தண்ணீரைக் குடங்களில் மொண்டு, தொழிற்சாலைத் தொட்டிக்கு என்று தனியாக வைத்தாள். அப்புறம் டிரம்மைக் கவிழ்த்து நாலு குத்து குத்தினாள். பிள்ளைகள் இரண்டும் சுவரோடு ஒட்டிக்கொண்டன.

"சரிக்கா, குத்திட்டீங்க," என்றாள் தையல்காரி. "நாளைக்குத் தண்ணி வரும். எதுல புடிப்பேன்?"

இருபது வருஷமாக யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. கடப்பாரையைப் பிடித்தபடி வெட்கிப்போய் நின்றாள்.

பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். உப்பின் பேரைக் கொட்டை எழுத்தில் எழுதி அக்கா டாக்டர் மேஜையில் வைத்தாள், இல்லாவிட்டால் வாந்தி மாத்திரையைக் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். ரத்தமும் சிறுநீரும் எடுத்தார்கள். பெரியவளுக்குப் பயமில்லை என்றார்கள். சின்னவனுக்குச் சிறுநீரகத்தை மறுபடி பார்க்க வேண்டும், அடுத்த வாரம் கூட்டி வாருங்கள் என்றார்கள்.

மறுநாள் காலையில் அக்கா நேராக ஆபீஸ் அறைக்குப் போனாள். அங்கே ஆபீஸ்காரர்கள் குடிக்கவென்று போன மாதம் வாங்கின குடிதண்ணீர் டிரம் இருந்தது, மூடியும் குழாயுமாக, புத்தம் புதுசு. அதிலிருந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, சாமானை வெளியே கொண்டுபோக எழுதுகிற கேட் பாஸ் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தாள். பொருள்: டிரம் ஒன்று. காரணம் என்ற கட்டத்தில் நிதானமாக எழுதினாள். மேனேஜர் படித்துவிட்டு, டிரம்மை வேண்டுமானால் எடுத்துக்கொள், காரணத்தில் 'பழுது' என்று மட்டும் போடு என்றார்.

"எழுதினது எழுதினதுதான். நீங்க கையெழுத்து போடலைன்னா இதையே முதலாளி வீட்டு வாசல்ல நின்னு படிப்பேன்."

அவர் போட்டார். லோடு ஏற்றுகிறவர்களில் இரண்டு பேர் சொல்லாமலே வந்து டிரம்மைத் தூக்கிக்கொண்டார்கள். ஷிஃப்ட் மாறுகிற நேரம், கேட்டில் நல்ல கூட்டம். எந்தப் பாஸ் வந்தாலும் வாய்விட்டுப் படித்துச் சரிபார்ப்பது வாட்ச்மேனின் வழக்கம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆரம்பித்தார்.

"பொருள், டிரம் ஒண்ணு. காரணம், விஷ உப்பு வந்த நாலு டிரம்மை நம்ம கம்பெனி ஓட்டை போடாம வித்தது. ஒண்ணுல ரெண்டு குழந்தைங்க மூணு நாள் தண்ணி..."

அவர் குரல் இறங்கிப்போய் நின்றது. கூட்டத்தில் யாரும் நகரவில்லை.

"சத்தமாப் படிங்கண்ணே," என்றாள் அக்கா. "பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கலை."