இரண்டு பிரேக்கும் கையில்

எங்கள் ஹில்டாவைப் பற்றித் தூத்துக்குடியில் யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "பிரேக்குக்காகக் கல்யாணத்தை நிறுத்துனாளே, அந்த டீச்சர்தான?" சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளோடு பதினோரு வருஷம் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள் நான். அவள் கணக்கு டீச்சர், நான் தமிழ். இரண்டு பேருக்கும் வீடு மாப்பிள்ளையூரணி. நடந்தது என்ன என்று நான் சொல்லாவிட்டால் இந்தச் சிரிப்புதான் கடைசியில் மிஞ்சும்.

ஹில்டாவுக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சலில் வலது கால் சூம்பிவிட்டது. நிற்பாள், நடப்பாள், ஆனால் அந்தக் காலை ஊன்றி ஒன்றும் செய்ய முடியாது. வீட்டிலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்கு நடை. பஸ் நிறைய உப்பளத்துக்கும் புது ஹார்பருக்கும் வேலைக்குப் போகிற கூட்டம். படியில் அவள் ஏறுவதற்குள் கண்டக்டர் விசில் ஊதிவிடுவான். சில நாள் அவளுடைய அண்ணன் சைக்கிளில் கொண்டுபோய் விடுவான். அவனுக்கு மனம் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. முதல் பீரியட் கணக்கு. அவள் தாமதமாக வந்து வகுப்பு வாசலில் நிற்கும்போது முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்காது. யாரோ அடித்துவிட்டது மாதிரி நிற்பாள்.

அதனால்தான் சீட்டுப் போட்டுப் பணம் சேர்த்தாள், வண்டி வாங்க. எழுபத்தாறில் ஒரு பொம்பிளை தனக்கென்று வண்டி வாங்குவது எங்கள் பக்கத்தில் யாரும் கேள்விப்படாத சங்கதி. அதிலும் கால் சரியில்லாதவள். அவள் அப்பா ஜேசுபாதம் ஓய்வுபெற்ற உபதேசியார். "கர்த்தர் சித்தமானா பாப்போம்" என்றார். வேண்டாம் என்பதை அவர் அப்படித்தான் சொல்லுவார்.

வண்டி தேர்ந்தெடுத்த விதத்தைச் சொல்ல வேண்டும். நம் ஆட்கள் வண்டி வாங்குவது எப்படி? மச்சான் வைத்திருக்கிறான், எனக்கும் அதே. கலர் நன்றாக இருக்கிறது, எடு. ஹில்டா அப்படி இல்லை. சனிக்கிழமைதோறும் முப்பிடாதி மெக்கானிக் ஷெட்டுக்கு எதிரே இருந்த சோடாக் கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துவிடுவாள். நானும் துணைக்கு. எந்த வண்டி அடிக்கடி ஷெட்டுக்கு வருகிறது, எதற்காக வருகிறது என்று பார்ப்பாள். மூன்று மாதம் இது நடந்தது. எனக்குச் சோடா குடித்துக் குடித்து வயிறே கெட்டுப்போனது.

கடைசியில் முப்பிடாதிக்கே பொறுக்கவில்லை. "டீச்சர், எந்த வண்டிதான் ஒங்களுக்குப் பிடிச்சிருக்கு? சொல்லுங்க" என்றான்.

"இங்கன வராத வண்டிதான்" என்றாள்.

அவன் சிரித்துவிட்டான். "பொழப்புல மண்ணள்ளிப் போடுதீகளே" என்றான்.

ஸ்கூட்டரை அவள் முதலிலேயே தள்ளிவிட்டாள். கனம். வலது காலால் உதைத்துத்தான் கிளப்ப வேண்டும், பின் பிரேக்கும் வலது காலில்தான். கடைசியாக நின்றது ஒரு சின்ன எஞ்சின் மொபெட். ஸ்டாண்டில் நிறுத்தி ஏறி உட்கார்ந்து இடது காலால் ஒரு மிதி மிதித்தால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். கியர் மாற்றுகிற வேலை கிடையாது. இரண்டு பிரேக்கும் கையில். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றி, பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போட்டால் போதும், அதை அவளே செய்வாள். உப்புக் காற்றில் எங்கள் ஊரில் முதலில் போவது சைலன்சரும் சக்கரக் கம்பியும். அதனால் உப்பளத்துச் சூப்பர்வைசர் ஒருவர் நான்கு வருஷமாக வைத்திருந்த அதே மொபெட்டைத் தேடிப்போய், குனிந்து கம்பியைத் தடவித் தடவிப் பார்த்தாள். அந்த மனுஷன் என்னிடம், "வண்டி பாக்க வந்தாகளா, வைத்தியம் பாக்க வந்தாகளா?" என்று கேட்டார்.

இந்த நேரம் பார்த்துத்தான் ஜெயசிங் வந்தான்.

அவன் ஹார்பர் ஆபீசில் கிளார்க். சொந்த ஊர் நாசரேத். வயது நாற்பதுக்குப் பக்கம், மனைவி இறந்துபோயிருந்தாள், பிள்ளை இல்லை. பார்க்க லட்சணமாக இருப்பான், பேச்சும் மரியாதையான பேச்சு. ஹில்டாவுக்கு அப்போது முப்பத்து நான்கு. அதுவரை பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அவள் எழுந்து நடந்து காட்டியதும் காப்பியைக் குடித்துவிட்டுப் போனவர்கள். இவன் அவளை நடக்கச் சொல்லவில்லை. என்ன பாடம் எடுக்கிறீர்கள் என்று கேட்டான். அன்றைக்குச் சாயங்காலம் அவள் என்னிடம் வந்து, "ஏளா ஞானம், அவுக என் காலப் பாக்கவே இல்ல" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. எனக்கும் சந்தோஷம்தான். இல்லை என்று சொன்னால் பொய்.

நிச்சயம் முடிந்தது. எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம், இதற்குத் தடை இருப்பதாக யாருக்காவது தெரிந்தால் சொல்லிவிடுங்கள் என்று ஐயர், எங்கள் பாதிரியாரை அப்படித்தான் சொல்லுவோம், சபைக்கு முன்னால் கேட்பார். யாரும் சொல்வதில்லை. ஐயர் மூச்சுவிட எடுத்துக்கொள்கிற நேரம்தான் அதற்கு இருக்கும், அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார். ஹில்டாவுக்கு முதல் ஓலை வாசித்தார்கள். அவள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை ஜெயசிங்கைக் கூட்டிக்கொண்டு முப்பிடாதி ஷெட்டுக்குப் போனாள். கல்யாணத்துக்கு முன்னாலேயே மொபெட்டைச் சொல்லிவைத்துவிட வேண்டும் என்று அவளுக்கு. நானும் போயிருந்தேன். காட்டுவதற்காக முப்பிடாதி ஒரு மொபெட்டை இரவல் வாங்கி நிறுத்தியிருந்தான். தான் பார்த்துவைத்ததையெல்லாம் அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"இதுக்கு எதுக்கு நீ கஷ்டப்படுத? நான் ஆறு வருஷத்துக்கு முன்னால ஸ்கூட்டருக்குப் பதிஞ்சிருந்தேன். இப்ப என் முறை வந்துட்டு. இந்த மாசம் எடுக்கலன்னா வேற ஆளுக்குப் போயிரும். ஒன் சீட்டுப் பணத்தையும் போட்டு அதை எடுத்துருவோம்."

அந்தக் காலத்தில் ஸ்கூட்டர் முறை வருவது என்றால் லாட்டரி விழுந்த மாதிரி. முப்பிடாதியே வாயைப் பிளந்துவிட்டான். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. இவன் ஏன் காலைப் பார்க்கவில்லை என்பது விளங்கிவிட்டது; அவள் தானாக எங்கேயும் போய்வருவாள் என்றே இவன் நினைக்கவில்லை. ஆனாலும் நியாயமாகச் சொல்ல வேண்டும், அவன் கெட்டவன் இல்லை. அவளை நன்றாகத்தான் வைத்திருப்பான். அந்த எண்ணத்தோடுதான் பேசினான்.

ஹில்டா மெதுவாகக் கேட்டாள். "ஸ்கூட்டர் என்னால ஓட்ட முடியாதே?"

"நீ எதுக்கு ஓட்டணும்? நான் டெய்லி கொண்டுபோய் விடுதேன்."

"நீங்க வர முடியாத அன்னைக்கு?"

"அன்னைக்கு லீவு போட்டுரு" என்றான்.

அவன் வேடிக்கையாகக்கூடச் சொல்லவில்லை. வெயிலடித்தால் குடை பிடித்துக்கொள் என்று சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னான். ஹில்டா அந்த மொபெட்டின் கைப்பிடியிலிருந்து கையை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம், இந்தக் கல்யாணம் வேண்டாம் என்றாள். அவர் கத்தவில்லை, அவர் கத்துகிற மனுஷர் இல்லை. "ஓலை ஒரு தடவ வாசிச்சாச்சு. சபை முன்னால சொன்ன வார்த்த. வீட்டுக்குள்ள உக்காந்து அத நான் எப்படி மாத்த முடியும்?" என்றார்.

வேறு எவளாவது அழுதிருப்பாள், சாப்பிடாமல் படுத்திருப்பாள், சித்தி பெரியம்மா வீட்டுக்கு ஆள் அனுப்பியிருப்பாள். இவள் கணக்கு டீச்சர். சபை முன்னால் சொன்னதைச் சபை முன்னால்தான் மாற்ற வேண்டும் என்று அப்பா சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் இரண்டாம் ஓலை. ஐயர் வாசித்து முடித்து, தடை இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டு, பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார். பெண்கள் பக்கத்தில் ஹில்டா எழுந்து நின்றாள். எங்கள் கோயிலில் ஒரு பொம்பிளை ஆராதனை நடுவில் எழுந்து நின்றால் ஸ்தோத்திரக் காணிக்கை படைக்கத்தான் நிற்பாள். கல்யாணம் கூடிவந்த நன்றிக்கு நிற்கிறாள் என்று நினைத்த ஐயர், முகமெல்லாம் சிரிப்பாக, "காணிக்கைக்கு இன்னும் நேரம் இருக்கும்மா, உக்காரு" என்றார்.

"காணிக்கை இல்ல ஐயரே. தடை. எனக்குச் சம்மதமில்ல" என்றாள்.

கோயிலில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த ஜெயசிங் எழுந்து வெளியே போனான். ஹில்டாவின் அப்பா பைபிளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

ஆராதனை முடிந்ததும் ஐயர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் காரணம் கேட்டார். கோயில் கமிட்டியார்களும் உட்கார்ந்திருந்தார்கள். இங்கேதான் அவள் தப்புப் பண்ணினாள். அவனுக்குக் குடி உண்டு, வேறு தொடுப்பு உண்டு என்று எதையாவது சொல்லியிருந்தால் ஊரே அவளுக்காக உச்சுக்கொட்டியிருக்கும். இவள் உள்ளதைச் சொன்னாள். "நானா வேலைக்குப் போய்வர ஒரு வண்டி வேணும் ஐயரே. ரெண்டு பிரேக்கும் கையில இருக்கது. அவுகளுக்கு அது வேண்டாங்காக."

கமிட்டியில் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தாராம். சாயங்காலத்துக்குள் சிரிப்பு மாப்பிள்ளையூரணி வரை வந்துவிட்டது.

அவள் மொபெட்டை எடுத்தாள். தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, நோட்டுப் பையைக் கேரியரில் வைத்து, உப்பளத்து ரோட்டில் காற்றை எதிர்த்துக்கொண்டு போவாள். பஸ் ஜன்னலிலிருந்து நான் கை காட்டுவேன், அவள் ஹாரன் அடிப்பாள். நான் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேரும்போது கரும்பலகையில் கணக்குப் போட்டு முடித்திருப்பாள். தெருவில் "பிரேக் டீச்சர்" என்று கத்துவார்கள். அவள் காதில் வாங்கமாட்டாள். அந்த வருஷம் முழுக்க ஒரு நாள்கூட அந்த வண்டி வழியில் நிற்கவில்லை. கொட்டுகிற ஐப்பசி மழையிலும் ஒரே மிதியில் கிளம்பியது. அவள் தேர்வு அப்படி.

ஐயர்தான் எங்கள் பள்ளிக்கூடத்துக்கும் கரஸ்பாண்டன்ட். அவர் எதையும் மறந்திருக்கவில்லை. கோடை லீவில் ஹில்டாவைக் கூப்பிட்டு, அன்று உடம்பு சரியில்லாமல் தெரியாமல் எழுந்து நின்றுவிட்டேன் என்று சபைக்கு ஒரு மன்னிப்புக் கேட்டுவிடு, அதோடு விட்டுவிடுவோம் என்றார். அவள், "எனக்கு அன்னைக்கு உடம்பு நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். ஜூன் மாதம் மாற்றல் உத்தரவு வந்தது. சாத்தான்குளத்துக்குத் தெற்கே தேரிக்குள் இருக்கிற ஒரு மிஷன் பள்ளிக்கூடம்.

தேரி என்றால் செம்மணல். மேடு மேடாக மணல்தான், ரோடு கிடையாது. ஆடிக் காற்றில் நேற்று நடந்த தடம் இன்று இருக்காது. பஸ் இறங்குகிற இடத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்குக் கணுக்கால் புதையப் புதைய நடக்க வேண்டும். எந்தப் பள்ளிக்கூடத்துக்கு வண்டியே போகாது என்று தேடிப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள் என்று நான் சொன்னேன். தற்செயலாக அமைந்தது என்று சொன்னவர்களும் உண்டு. அவர்கள் முகத்தில் நான் இன்றைக்கும் முழிப்பதில்லை.

ஹில்டா மொபெட்டை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்ப் பார்த்தாள். பின் சக்கரம் சுற்றிச் சுற்றி மணலுக்குள் இறங்கியதே தவிர வண்டி நகரவில்லை. பனையேறிகள் நான்கு பேர் தூக்கி ரோட்டில் கொண்டுவந்து வைத்தார்களாம்.

நான் ஒரு தடவை அவளைப் பார்க்கப் போனேன். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு மணல் மேட்டிலிருந்து இறங்கி வந்தாள். இடது காலை முன்னால் வைத்து, வலது காலை இரண்டு கையாலும் தொடையில் பிடித்துத் தூக்கி அடுத்த தடத்தில் வைத்து, பிறகு நின்று மூச்சு வாங்கி வந்தாள். என்னால் பார்க்க முடியவில்லை.

"அந்த மன்னிப்பக் கேட்டுத் தொலையேன் ஏளா. ரெண்டு வரிதான?" என்று கத்தினேன்.

"கேட்டா திரும்ப அங்கன வந்துரலாம்தான்" என்றாள். "ஆனா அன்னைக்கு ஒரு தடவதான் ஞானம் நானா எந்திரிச்சு நின்னேன். அத எப்படித் தெரியாமச் செஞ்சேன்னு சொல்ல?"

ஜெயசிங் ஸ்கூட்டரை எடுத்துவிட்டான், அடுத்த தைக்குள் கல்யாணமும் முடித்துவிட்டான். நல்ல பெண். பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து போவாள்.

ஹில்டாவின் மொபெட்டை யாரும் விலைக்குக் கேட்கவில்லை. கல்யாணத்தை நிறுத்தின வண்டி வீட்டுக்கு ஆகாதாம். சும்மா போட்டால் உப்புக் காற்றில் போய்விடும், நீ ஓட்டு என்று அவள் திரும்பக் கொண்டுவந்து என்னிடம் விட்டுப் போனாள். ஓட்டப் பழகிக்கொண்டேன். என் இரண்டு காலும் நன்றாக இருக்கின்றன, நான் தினமும் காலையில் அந்த வண்டியில் போகிறேன். ஹில்டா மணலில் நடக்கிறாள்.