நாலாவது மைலும் பதினெட்டாவது மைலும்

துரைசிங்கம் நில அளவைத் துறையில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர். சுங்கை லாலாங் என்ற ஊரில் இருந்துகொண்டு பதினோரு வருடமாக அவர் தேடுவது, கிரேக்கத்தில் காணாமல்போன கெலாந்தா என்ற பழைய ஊரை. கிரேக்கத்துக்குப் போனதில்லை, விமானம் ஏற அவருக்குப் பயம். தேடல் முழுக்கச் சாப்பாட்டு மேசையில்தான். வரைபடங்கள் மேசையை மூடிவிட்டதால், குடும்பம் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடப் பழகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகள் தாராவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் மனைவி சிவபாக்கியம் கெடு வைத்தார்.

"சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள உங்கட ஊர் கிடைக்க வேணும். இல்லாட்டி எல்லாத்தையும் சுருட்டிக் கட்டிலுக்குக் கீழ தள்ளிப்போடுவன்."

கட்டிலுக்குக் கீழே போன எதுவும் அந்த வீட்டில் திரும்பி வந்ததில்லை. அவருடைய ஆர்மோனியம் அங்கேதான் இருக்கிறது.

சிக்கல் இதுதான். கிரேக்கத்தில் ஒரு துறைமுகத்துக்கும் ஒரு மலைக்கோயிலுக்கும் நடுவே ஒரு சாலை. கெலாந்தா அதில் நாலாவது மைலில் இருந்ததாக, ஒரு கப்பல்காரன் எழுதிய பழைய நூல் சொன்னது. பதினெட்டாவது மைல் என்றது கோயில் பூசாரி எழுதிய இன்னொன்று. துரைசிங்கம் இரண்டையும் துறைமுகத்திலிருந்தே எண்ணினார். எழுதியவர்களில் ஒருவன் பொய்யன் என்பது அவர் முடிவு. எவன் என்றுதான் பிடிபடவில்லை.

சனிக்கிழமை காலை மேசையை நகர்த்த அடுத்த வீட்டு அய்யாவு வந்தார். செம்பனை எண்ணெய் டாங்கி லோரி ஓட்டுபவர். ஒரு முனையைத் தூக்கிக்கொண்டே கதையைக் கேட்டார்.

"பாலிங் ஊருக்குப் போற ரோட்டுல நான் தேத்தண்ணி குடிக்கிற கடை இருக்குல்ல சார், அதை நம்மாளுங்க பத்தாவது மைல்கல்லும்பாங்க. பாலிங்காரன் இருபத்தஞ்சாவது கல்லும்பான். அவனவன் ஊருலேருந்து எண்ணுறான் லா. கடை ஒண்ணுதான்."

துரைசிங்கம் மறுமுனையைப் பிடித்தபடியே நின்றுவிட்டார்.

"அந்த ரோடு மொத்தம் இருபத்திரண்டு மைல்," என்றார் மெதுவாக. "கப்பல்காரன் துறைமுகத்தில இருந்து எண்ணியிருக்கிறான். பூசாரி கோயிலில இருந்து எண்ணிக்கொண்டு இறங்கியிருக்கிறான்!"

"அப்ப ரெண்டு பேரும் நல்லவன்தான். நீங்கதான் பாவம், பதினோரு வருஷமா ஏசிட்டீங்க. சார், மேசை கனக்குது."

மேசையை இறக்கியதும் துரைசிங்கம் வரைபடத்தில், துறைமுகத்திலிருந்து நாலாவது மைலில், பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். பென்சிலால் அல்ல. பிறகு வரைபடங்களைத் தானே சுருட்டினார்.

சிவபாக்கியம் ஈரத்துணியோடு வந்தார். "உண்மையா அங்கதான் இருக்கோ?"

"தோண்டினாத்தான் தெரியும்."

"தோண்டுறவன் அங்க போய்த் தோண்டட்டும். மேசையை மட்டும் கேக்க வேண்டாம்."