கேட்டில் படிக்காத பெயர்

சங்கத்துக்காரன் உத்தியோகத்தில் ஓய்வு வயது கிடையாது. மில் மூடிவிடும், முதலாளி போய்ச் சேர்ந்துவிடுவார், கோபம் மட்டும் தினமும் ஷிப்டுக்கு வந்துவிடும். கொடி பிடித்துக் கை காய்த்தவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

எங்கள் மில்லில் நடந்த அநியாயங்களை இன்றும் வரிசை மாறாமல் சொல்வேன். முதலாவது, டீ இடைவேளையைப் பிடுங்கினார்கள். இரண்டாவது, பதிலி ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்றாவது, நியாயம் கேட்கப் போன எங்களை சஸ்பெண்ட் செய்தார்கள். நான்காவது, வேலைநிறுத்தம் செய்து நாங்கள் கேட்டில் உட்கார்ந்திருந்தபோது, எங்கள் ஸ்பின்னிங் பிரிவு நாச்சிமுத்து பஞ்சு லாரியில் பொதிகளுக்கு நடுவே படுத்துக்கொண்டு வேலைக்கு உள்ளே போனான். ஐந்தாவது, மில்லையே மூடினார்கள். மற்ற நான்கும் முதலாளி செய்தவை, பழகிவிட்டன. நான்காவது நம் ஆள் செய்தது.

பார்க்கக் கூடாதவன்

பிள்ளைக்குக் காய்ச்சல் என்று காரணம் சொன்னான். அந்த வேலைநிறுத்தத்தில் யார் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை? சங்கம் கூடி முடிவெடுத்தோம்: கருங்காலி வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் போகக் கூடாது, பேச்சும் கூடாது. செயலாளர் என்ற முறையில் நோட்டீஸ் எழுதியவன் நான். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றதும் நோட்டீஸில்தான், எழுதியதும் நோட்டீஸ்தான். சில நாளில் அந்தப் பிள்ளை இறந்தது. நாங்கள் போகவில்லை.

மில் இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்பு. கேட் மட்டும் பழையது. வருஷா வருஷம் வேலைநிறுத்தம் தொடங்கிய நாளில் மிச்சமிருக்கிற தொழிலாளிகள் அங்கே கூடி, இறந்துபோன தோழர்களின் பெயர்களைப் படிப்போம். கருங்காலிகள் பெயர் கிடையாது. நாச்சிமுத்து ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் வந்து கைகட்டி நிற்பான். கிட்டே வரமாட்டான், போகவும் மாட்டான். ஒரு வருஷம் நல்ல மழை. நனைந்துகொண்டே நின்றான். என் கண் அந்தப் பக்கம் போனதைப் பக்கத்தில் நின்ற சின்னச்சாமி பார்த்துவிட்டார். அந்த வேலைநிறுத்தத்தில் வேலை போய், மதுக்கரையில் சிமெண்டு மூட்டை தூக்கிப் பிழைத்தவர் அவர். மெதுவாகச் சொன்னார்:

"பாக்காதீங்க தோழர். பாத்தா கூப்பிடற மாதிரி ஆயிரும்."

நாலாவது தோள்

என் மனைவி மரகதம் போன வருஷம் இறந்துபோனாள். நாங்கள் இருப்பது மில் இருந்த இடத்துக்குப் பின்னால், பழைய லைன் வீட்டில். சந்துக்குள் சவ வண்டி வராது, மெயின் ரோடு வரை தூக்கித்தான் போகவேண்டும். சங்கமே திரண்டு வந்திருந்தது. திரண்டு என்ன பிரயோசனம்? சின்னச்சாமிக்கு முட்டி ஆபரேஷன். ஒருவருக்குக் குடலிறக்கம், ஒருவருக்கு இருதயத்தில் ஸ்டென்ட். நானே கம்பு ஊன்றி நிற்கிறேன். காங்கேயத்திலிருந்து வந்த மருமகன், பக்கத்து வீட்டுக்காரர், அவர் தம்பி என்று மூன்று தோள்தான் தேறியது. ஒரு காலத்தில் நாங்கள் கை காட்டினால் அவினாசி ரோடு நின்றுபோகும்.

சந்து முனையில் நின்றிருந்த நாச்சிமுத்து நேராக வந்தான். துண்டை மடித்துத் தோளில் வைத்தான். அவனுக்கும் எங்கள் வயசுதான். உடம்பு மட்டும் விறைப்பாக இருந்தது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சங்க நடைமுறையில் அதற்கு ஆட்சேபணை இல்லை என்று அர்த்தம். தூக்குவதற்கு முன்னால், இத்தனை வருஷத்தில் முதல்முறையாக என்னிடம் பேசினான்:

"மன்னிப்புக் கேக்க வரலீங்க செயலாளரே. அம்மணி எங்க ஊட்டு எழவுக்கு வந்தாங்க. அதுக்கு வந்தனுங்க."

என் வீட்டுக் கருங்காலி

துக்கம் விசாரிக்க அவன் மனைவி துளசிமணி வந்தபோதுதான் விவரம் தெரிந்தது. பிள்ளை இறந்த அன்று அவர்கள் வாசலில் ஒரு செருப்புக்கூடக் கிடக்கவில்லையாம். மத்தியானம் மரகதம் பின்பக்கமாக வந்திருக்கிறாள். வீட்டைக் கூட்டி, ரசம் வைத்து, மூத்த பிள்ளைக்குச் சோறு ஊட்டி, துளசிமணியைக் குளிக்க வைத்திருக்கிறாள். அன்றோடு நிற்கவில்லை. துளசிமணி எழுந்து நடமாடும் வரை போய்வந்திருக்கிறாள்.

நான் போட்ட தடையை முதலில் உடைத்தவள் என் வீட்டிலேயே இருந்திருக்கிறாள். அந்த வீட்டிலிருந்து வந்த கையோடு, தடையை நினைவுபடுத்தி நான் எழுதிக்கொண்டிருந்த அடுத்த நோட்டீஸுக்குப் பக்கத்தில் டீயும் வைத்திருப்பாள். ஒரு வார்த்தை சொன்னதில்லை. செயலாளருக்குத் தெரிந்தால் வம்பாகிவிடுமே என்று துளசிமணி பயந்திருக்கிறார். அதற்கு மரகதம் சொன்னதை அப்படியே சொல்லிக் காட்டினார்:

"அவரு சங்கத்துக்குத்தான் செயலாளரு, அடுப்புக்கு இல்ல."

ஒரே கோரிக்கை

இந்தச் சித்திரையில் நாச்சிமுத்து இறந்தான். நான் போனேன். வாசலில் நிறையச் செருப்பு கிடந்தது, ஆனால் சங்கத்துச் செருப்பு என்னுடையது ஒன்றுதான். துளசிமணி மாலை கேட்கவில்லை, கொடி கேட்கவில்லை. தன் கணவர் பெயரைக் கேட்டில் ஒருமுறை படிக்கவேண்டும் என்று மட்டும் கேட்டார்.

டீக்கடையில் கமிட்டியைக் கூட்டினேன். கமிட்டி என்றால் ஒரு பெஞ்சு கொள்ளும். துளசிமணி கேட்டதையும் மரகதம் கதையையும் சொன்னேன். மற்றவர்கள் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்னச்சாமி மட்டும் எழுந்துவிட்டார். சிமெண்டுத் தூசி தின்ற நெஞ்சு அவருடையது. அவர் கோபத்தைத் தப்பென்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

"படிங்க தோழர். நாஞ் செத்தா எம்பேரப் படிக்காதீங்க, அவ்வளவுதான்."

பெயர்

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெயரைப் படித்ததும், கூட வேலை பார்த்த ஒருவர் அவருடைய பிரிவைச் சொல்லவேண்டும். சாட்சி இல்லாத பெயர் பட்டியலில் சேராது. படிப்பவன் சாட்சி சொல்லக் கூடாது. பிரேம் என்கிற நூற்பு இயந்திரங்கள் ஓடிய ஸ்பின்னிங்கில் என்னைத் தவிர உயிரோடிருப்பது சின்னச்சாமி ஒருவர்தான்.

அன்று அவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார், எல்லோருக்கும் பின்னால், கேட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். துளசிமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு முன்னால் நின்றார். மற்ற பெயர்களையெல்லாம் படித்து முடித்துவிட்டு, "தோழர் நாச்சிமுத்து" என்றேன். குடியிருப்புக்குள் யாரோ காரை ரிவர்ஸ் எடுத்தார்கள். கார் பின்னால் வரும்போது பாடுகிற அந்தப் பாட்டு முழுசாக ஓடி முடிந்தது. நான் காகிதத்தை மடிக்கப் போனேன். பின்னாலிருந்து, முகத்தைத் திருப்பாமலே குரல் வந்தது:

"ஸ்பின்னிங்கு. எனக்குப் பக்கத்து பிரேமு. நான் ஒண்ணுக்குப் போனா எம்பிரேமையும் அவந்தான் பாத்துக்குவான்."

நான் போட்ட தடைகளில் முழுசாகத் தோற்றது இது ஒன்றுதான். தோற்கடித்தவளுக்கு நன்றி சொல்லலாம் என்றால் ஆள் இல்லை.